ஆறு பெயர்நாள் தூரம்

பாத்ரா,
1978 செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணிக்குத் தெயோனி எழுதுவது.

நானும் என் வீட்டுக்காரரும் நலம். அவருக்கு முழங்கால் மட்டும் மக்கர் பண்ணுகிறது. ஆயுசு முழுக்கப் பஸ்ஸில் நின்றபடியே டிக்கெட் கிழித்த கால், எத்தனை நாள்தான் பொறுக்கும். உங்கள் இருமல் தேவலையா? மலைத் தேயிலையில் தேன் விட்டுக் குடியுங்கள்.

உறையின் மேல் அனுப்புகிறவர் பேராக வழக்கம்போல "எவ்தெர்பி, தையற்காரி, பாத்ரா" என்றுதான் போட்டிருக்கிறேன். தபால்காரர் காபிக்கடையில் நின்று அனுப்பியவர் பேரையும் சேர்த்துக் கூவிக் கொடுக்கிற ஊரில் என் பேரைப் போட்டால் அண்ணன் காதில் அல்லவா விழும். அம்மா இறந்தபோது நீங்கள் எனக்கு முதல் கடிதம் எழுதியதிலிருந்து பத்து வருஷமாக அந்தத் தையற்காரி உங்களுக்கு ஒரு பாவாடைகூடத் தைத்து அனுப்பவில்லை. அண்ணனுக்கு இன்னும் சந்தேகம் வராததுதான் ஆச்சரியம்.

விஷயத்துக்கு வருகிறேன். அத்திப்பழம் காயப்போடும்போது அண்ணன் உங்கள் மகளைத் "தெயோனி" என்று கூப்பிட்டுவிட்டு, பிறகு யாரோடும் பேசாமல் சாயங்காலம் வரை விறகு பிளந்தார் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தேன். முடிவு செய்துவிட்டேன், அண்ணி. நான் என் பிறந்த வீட்டுக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் வயலின்காரர்களோடு கோயிலுக்கு வந்துகொண்டிருந்த காலையில் பஸ் ஏறிப் போனவள் நான். டிக்கெட் கேட்காமல் விட்ட கண்டக்டரையே பிறகு கட்டிக்கொண்டேன். அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. இப்போதும் மன்னிப்புக் கேட்க வரவில்லை. அந்த வாசற்படியை மிதித்து உள்ளே போகவேண்டும், அவ்வளவுதான்.

எப்படி என்று கேட்பீர்கள். டிசம்பர் பதினைந்து, புனித எலெஃப்தெரியோஸ் திருநாள். அந்தப் புனிதரின் பேரைத்தானே அண்ணனுக்கு வைத்தார்கள், அது அவருடைய பெயர்நாள். பெயர்நாளன்று யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, கதவு திறந்தே இருக்கும், வந்தவர் எதிரியானாலும் வாசலோடு திருப்பி அனுப்புவதில்லை. அன்றைக்கு வந்து நிற்கிறேன். என்ன செய்துவிடுவார், பார்ப்போம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு முத்தம்.

தெயோனி

*

பெத்ரோலிமானி,
செப்டம்பர் 29

பிரியமுள்ள தெயோனிக்கு,

எல்லாரும் சுகம். இருமல் போய்விட்டது, உன் கடிதத்தைப் படித்ததும் படபடப்பு வந்துவிட்டது. ஸ்தேலியோஸின் காலுக்குச் சூடான ஆலிவ் எண்ணெய் தடவு, கடை எண்ணெய் வேண்டாம், ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

உன்னை நான் பார்த்ததே இல்லை. ஆனால் நீ அன்று பஸ் ஏறியிருக்காவிட்டால் நான் இந்த வீட்டுக்கு வந்திருக்கவே மாட்டேன். தங்கைக்கு ஒரு வழி ஆகாமல் தான் கட்டமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவர் உன் அண்ணன். நீ பாத்ராவில் மோதிரம் மாற்றிய செய்தி வந்தபிறகுதான் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். ஆகவே உனக்கு நான் கடன்பட்டவள், பயமும் உனக்காகத்தான்.

பெயர்நாளில் கதவு திறந்திருக்கும், சரி. ஆனால் அவர் எழுந்து தோப்புக்குப் போய்விட்டால்? ஊர் முன்னால் நீ நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தால் என் மனசு தாங்காது. பேசாமல் ஒரு சாதாரண நாளில் பஸ்ஸில் வந்து இறங்கு. நான் மெல்ல அவரைச் சரிப்படுத்தி வைக்கிறேன்.

உன் கடிதத்தை அவர்தான் காபிக்கடையிலிருந்து கொண்டுவந்தார். "தையற்காரி எழுதியிருக்கா" என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

உன் அண்ணி கல்லியோபி

*

பாத்ரா,
அக்டோபர் 18

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே அனைவரும் நலம். மழை பிடித்துக்கொண்டது. அங்கே ஆலிவ் பறிப்புக்கு முன் நின்றுவிட்டால் சரி.

ஒரு நாள் பஸ்ஸில் வந்து இறங்கு என்கிறீர்கள். என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார்.

"காலைல ஏறினா சாயங்காலம் உங்க ஊரு. நானே டிக்கெட் போடறேன்."

"உங்க பஸ்ல ஒரு தடவ டிக்கெட் இல்லாம ஏறினதுக்கே இன்னும் அனுபவிக்கிறேன்."

"யாரு, நீயா? அனுபவிக்கிறது நானு."

இல்லை அண்ணி. அன்றைக்கு நான் வேகமாகப் போனேன், யாரும் மூச்சு விடுவதற்குள். வேகமாக ஓடியவள் மெதுவாகத்தான் திரும்பவேண்டும். திடீரென்று வந்து நின்றால் அண்ணன் திடீரென்று கதவைச் சாத்துவார். அவருக்கு நேரம் கொடுக்கப்போகிறேன்.

ஆகவே கடற்கரையோரமாகவே, பெயர்நாள் பெயர்நாளாக வருகிறேன். நவம்பர் முப்பது, கிப்பாரிஸியாவில் தாய்மாமன் அந்த்ரேயாஸ் வீடு. அங்கிருந்து பீலோஸ்; டிசம்பர் நாலு என் பள்ளிக்கூடச் சிநேகிதி வர்வாராவின் நாள். ஆறாம் தேதி கொரோனியில் பெரியப்பா மகன் நிக்கோலாஸ். வளைகுடாவைத் தாண்டினால் கலமாத்தா, ஒன்பதாம் தேதி அன்னா அத்தை. நடுவில் கிடைக்கிற நாட்களில் எந்த வீட்டில் இருக்கிறேனோ அந்த வீட்டு ஆலிவைப் பறிப்பேன், சும்மா உட்கார்ந்து தின்னமாட்டேன்.

ஒவ்வொரு வாசலும் எனக்குத் திறக்கும். ஒவ்வொரு வாசலிலும் பத்துப் பேர் பார்ப்பார்கள். நான் ஊர்வதற்குள் செய்தி ஓடிவிடும். கடைசியில் இந்தக் கரையில் எனக்குத் திறக்காத கதவு ஒன்றே ஒன்றுதான் என்று அண்ணனுக்கே தெரியவேண்டும்.

ஐந்தாவது வீட்டைச் சொல்லவில்லையே. டிசம்பர் பன்னிரண்டு, கர்தமீலி. ஸ்பீரோஸ். ஆமாம், அதே ஸ்பீரோஸ்தான். நான் விட்டுவிட்டு ஓடிய மாப்பிள்ளை.

மயங்கி விழாதீர்கள். தண்ணீர் குடியுங்கள்.

உங்கள் தெயோனி

*

பெத்ரோலிமானி,
நவம்பர் 14

பிரியமுள்ள தெயோனிக்கு,

தண்ணீர் குடித்தேன். போதவில்லை, ஒரு வாய் பிராந்தியும் குடித்தேன். உனக்குப் புத்தி பிசகிவிட்டதா? அந்த மனிதன் அன்று கோயில் வாசலில் பூச்செண்டோடு நின்றவன். அவன் வீட்டுக்குப் போய் "பல்லாண்டு வாழ்க" என்று சொல்லப்போகிறாயா? அவன் பெண்டாட்டி கரூஃபல்யாவுக்குக் கை நீளம் என்று கேள்வி. அடிக்கிற கையைச் சொல்கிறேன்.

ஆனாலும் படித்துவிட்டுச் சிரித்தேன். தோப்பில் விரிப்பு விரிக்கும்போதும் நினைத்து நினைத்துச் சிரித்தேன். "என்ன?" என்றார் உன் அண்ணன். "ஒண்ணுமில்ல, தையற்காரி ஒரு வேடிக்கை எழுதியிருக்கா" என்றேன். "ம்" என்றார்.

ஆலிவ் இந்த வருஷம் கனமாகக் காய்த்திருக்கிறது. எல்லாருக்கும் முதுகு வலி, மற்றபடி சுகம். வருகிற வழியில் நீ வேறு வேறு ஊரிலிருந்து எழுதுவாயே, அதற்கு என்ன சொல்வது என்று யோசித்து வைத்துவிட்டேன். தையற்காரி ஊர் ஊராக அளவெடுக்கப் போயிருக்கிறாள். எப்படி? அவசரமென்றால் பஸ் கண்டக்டர்களிடம் கொடுத்துவிடு, ஸ்தேலியோஸின் ஆட்கள்தானே.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்.

கல்லியோபி

*

கிப்பாரிஸியா,
டிசம்பர் 1

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். காலுறை ஒரு ஜோடியை ரயிலிலேயே நனைத்துவிட்டேன். ஜன்னலை மூட மனசில்லை, வழி முழுக்கக் கடல் கூடவே வந்தது.

நேற்று மாமா வீட்டில் ஏறினேன். கூடம் நிறைய ஆள். மாமா கதவருகில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"யாரும்மா?"

"பல்லாண்டு வாழ்க, மாமா. தெயோனி."

மாமா என் தோளுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார்.

"பஸ் வெளியில நிக்குதா? உக்காருவியா, இல்ல இப்பவும் ஓட்டமா?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், அழுகையும் வந்தது, இரண்டையும் சேர்த்து, வந்தவர்களுக்குக் கொடுக்கிற ஒரு கரண்டி செர்ரிப்பழ இனிப்போடு விழுங்கினேன். மாமி என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டாள். அப்புறம் மாமா என் காதோடு சொன்னார்: "நாளைக்கழிச்சு கலமாத்தா சந்தைக்குப் போறேன். உங்க ஊர்க்காரன் பத்துப் பேரையாவது பாப்பேன். நான் வாய மூடிட்டு இருப்பேன்னு நினைக்கிற?"

நினைக்கவில்லை, அதற்காகத்தானே அவரை முதலில் வைத்தேன். ஒரு வாசல் திறந்தது, அண்ணி.

தெயோனி

*

பெத்ரோலிமானி,
டிசம்பர் 4

பிரியமுள்ள தெயோனிக்கு,

காலை பஸ் கண்டக்டர் கையில் கொடுக்கிறேன், வர்வாரா வீட்டில் உனக்குக் கிடைக்கவேண்டும். அவளுக்கு என் வாழ்த்து. நாங்கள் சுகம்.

செய்தி வந்துவிட்டது. முந்தாநாள் சாயங்காலம் சந்தைக்குப் போனவர்கள் காபிக்கடையில் இறங்கியதும் இறங்காததுமாக உன் அண்ணனிடம், "உன் தங்கச்சி கிப்பாரிஸியா வரைக்கும் வந்துட்டாளாமே" என்றார்களாம். கடைக்காரரின் பெண்டாட்டி வந்து எனக்குச் சொன்னாள்.

அவர் சீட்டைக் கீழே வைக்காமலே "எந்தத் தங்கச்சி?" என்றாராம்.

உன்னிடம் மறைக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். ஆனால் ஒன்று, அந்த ஆட்டத்தில் அவர் தோற்றுவிட்டாராம். சீட்டில் அவர் தோற்று யாரும் பார்த்ததில்லை.

குளிரில் நிற்காதே.

கல்லியோபி

*

கொரோனி,
டிசம்பர் 7

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வர்வாரா வீட்டில் கிடைத்தது. எந்தத் தங்கச்சியாம்? இருப்பதே ஒருத்திதான். நல்லது, கேட்கட்டும், கேட்கிறவர் யோசிக்கிறார் என்றுதான் அர்த்தம்.

பீலோஸில் என்ன கூத்து தெரியுமா? நான் போவதற்குள்ளேயே சேதி போயிருக்கிறது. வர்வாரா கோதுமைப் பாயசத்தை அண்டா நிறையக் காய்ச்சி வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறாள். "வாடி மகாராணி, ஊரே உன்னப் பாக்க வந்திருக்கு, என்னப் பாக்க ஒருத்தரும் வரல" என்றாள். வந்தவர்களில் பாதிப் பேருக்கு என் கதை என்னைவிட நன்றாகத் தெரிகிறது. ஒரு கிழவர் நான் குதிரையில் ஏறி ஓடியதாகச் சாதித்தார். விட்டுவிட்டேன். குதிரை நன்றாகத்தானே இருக்கிறது.

இங்கே கொரோனியில் நேற்று மாலுமிகளின் புனிதர் நாள். நிக்கோலாஸ் படகுக்குக் கொடி கட்டிச் சங்கு ஊதினான். அவன் வீட்டில் நான் ரொம்ப நாளாக இருக்கிறவளைப்போல இறால் உரித்தேன், தட்டு கழுவினேன். நாளை மறுநாள் காலையில் அவன் படகிலேயே கலமாத்தா போகிறேன். வளைகுடாவை நேராகக் குறுக்கே வெட்டினால் மத்தியானத்துக்குள் அத்தை வீடு.

கையெல்லாம் ஆலிவ் கறை. மூன்று வீட்டு மரத்தில் ஏறியாகிவிட்டது. ஸ்தேலியோஸுக்கும் எழுதினேன்: உங்கள் பெண்டாட்டி ஜெயித்துக்கொண்டு வருகிறாள் என்று.

தெயோனி

*

பெத்ரோலிமானி,
டிசம்பர் 8

பிரியமுள்ள தெயோனிக்கு,

அன்னா அத்தைக்கு என் வணக்கம், அவர்கள் மூட்டுவலி எப்படி? இங்கே சுகம்.

உன் கடிதம் கொரோனியிலிருந்து வந்ததும் உன் அண்ணன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு உயிர் போய்விட்டது. "இந்தத் தையற்காரி நம்ம ஊர்ப்பக்கமாத்தான் அளவெடுத்துக்கிட்டு வர்றா போல" என்றார். "ஆமா, கல்யாண சீசன்" என்றேன். நம்பிவிட்டார், நல்லவேளை. ஆலிவ் பறிக்கிற மாதத்தில் யார் கல்யாணம் வைக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு.

காபிக்கடையில் இப்போது வேறு பேச்சே கிடையாதாம். நீ எங்கே இருக்கிறாய், என்ன சாப்பிட்டாய், எல்லாம் தெரிகிறது. நேற்று ஒருவர் "கொரோனியிலேருந்து படகுல வர்றாளாம்" என்றதும் உன் அண்ணன் முதல்முறையாக வாய் திறந்தாராம்.

"படகுலயா? அவளுக்குப் படகு ஆகாதே. சின்னதுலயே குடல் வெளிய வர்ற மாதிரி எடுப்பாளே."

பிறகு எழுந்து போய்க் கடைத் தொலைபேசியைக் கேட்டாராம். யாரிடம் பேசினார் என்று தெரியவில்லை, கையால் மூடிக்கொண்டு பேசினாராம்.

தெயோனி, எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வீட்டை வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கல்லியோபி

*

கலமாத்தா,
டிசம்பர் 11

அண்ணி,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

ஒன்பதாம் தேதி அத்தை வீடு அமர்க்களப்பட்டது. படகு மட்டும் ஒரு நாள் முழுக்க ஊர்ந்தது. நிக்கோலாஸ் குறுக்கே வெட்டாமல் கரையை ஒட்டியே வந்தான். ஏன்டா என்றால் "உத்தரவு" என்கிறான், யார் உத்தரவு என்றால் சிரிக்கிறான். எனக்கு வாந்தியே வரவில்லை. பெயர்நாள் விருந்து பாதியில் வந்து சேர்ந்து உங்கள் கடிதத்தையும் படித்தபோது, அந்த உத்தரவு யாருடையதோ என்று ஒரு நப்பாசைகூட வந்தது. முட்டாள் நான்.

இன்று காலைச் செய்தித்தாளில் மூன்றாம் பக்கம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். "பெத்ரோலிமானியைச் சேர்ந்த எலெஃப்தெரியோஸ் மவ்ரேயாஸ் இவ்வருடம் தமது பெயர்நாளைக் கொண்டாடவில்லை. விருந்தினர் வரவேண்டாம்."

சாவு விழுந்த வீட்டார்தான் இப்படிப் போடுவார்கள். நம் வீட்டில் யார் செத்தார்கள், அண்ணி? நானா?

வழக்கத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவர் அதே வழக்கத்தை எடுத்துக் கதவில் தாழ்ப்பாளாகப் போட்டுவிட்டார். உங்களிடமிருந்து இரண்டு நாளாக ஒரு வரி இல்லை. பஸ் வருகிறது, கண்டக்டர் கையை விரிக்கிறார். உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா? தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறீர்களா?

நாளை பாத்ரா பஸ்ஸா, கர்தமீலி பஸ்ஸா என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

தெயோனி

*

கர்தமீலி,
டிசம்பர் 13

அன்புள்ள அண்ணிக்கு,

இன்றும் உங்களிடமிருந்து ஒன்றுமில்லை. இருக்கட்டும், நான் எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருக்கவேண்டும், அது முதலில்.

கர்தமீலி பஸ்ஸில்தான் ஏறினேன். தோற்றுப்போய்த் திரும்புவதானாலும் ஸ்பீரோஸ் முகத்தைப் பார்த்துவிட்டே திரும்புவது என்று ஒரு வீம்பு.

உள்ளே போனதும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஸ்பீரோஸுக்கு முடி கொட்டி, தொப்பை வைத்திருக்கிறது. நான் "பல்லாண்டு வாழ்க" என்றேன். அப்போது அந்தக் கரூஃபல்யா தட்டோடு வந்தாள். கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரே என் முன்னால் நீட்டினாள்.

"முதல் கரண்டி இவங்களுக்குத்தான். இவங்க பஸ் ஏறலேன்னா எனக்கு இந்த மனுஷன் ஏது?"

பக்கத்தில் ஒருவர், "அதுக்கு இனிப்பா குடுக்கிற? வழக்குல்ல போடணும்" என்றார். ஸ்பீரோஸே முதலில் சிரித்தான். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஒண்ணு உனக்குத் தெரியுமா? அன்னிக்கு எங்க சித்தப்பா உன்னப் பத்தி ஒரு அசிங்கமான வார்த்த சொன்னார். உங்க அண்ணன் அவர் சட்டையக் கொத்தாப் பிடிச்சுட்டான். 'என்னத் திட்டுங்க, எவ்வளவு வேணும்னாலும். அவளப் பத்தி ஒரு வார்த்த சொன்னா கடல்ல தூக்கிப் போட்டுடுவேன்'னான். நாலு பேர் சேந்து பிரிச்சோம்."

இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு இதை ஒருவரும் சொன்னதில்லை.

ராத்திரி முழுக்க அதையே நினைத்தேன். விருந்தினர் வரவேண்டாம் என்று போட்டிருக்கிறார், சரி, வரவேண்டாம். நான் விருந்தினரா? அந்த வீட்டில் பிறந்தவள். என் வீட்டுக்குள் போவதற்கு எனக்கு எந்தப் புனிதரின் நாளும் எதற்கு? அத்தை கொடுத்தனுப்பிய இனிப்புப் பெட்டியை ஸ்பீரோஸின் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். கையை வீசிக்கொண்டு வருகிறேன். பஸ்ஸும் வேண்டாம், நாளை இங்கிருந்து கடலோரப் பாதையில் நடந்து, வழியில் ஓரிடத்தில் தங்கிவிட்டு, பதினைந்தாம் தேதி காலையில் வாசலில் நிற்பேன். அவர் தோப்புக்குப் போனால் தோப்புக்குப் போவேன்.

தெயோனி

*

பாத்ரா,
டிசம்பர் 29

என் அன்பு அண்ணிக்கு,

வந்து சேர்ந்தேன், பரம சுகம். இரண்டு கிலோ கூடியிருக்கிறேன் என்று ஸ்தேலியோஸ் சொல்கிறார். நீங்கள் கொடுத்தனுப்பிய எண்ணெயைக் காலுக்குத் தடவச் சொன்னால் ரொட்டியில் ஊற்றிச் சாப்பிடுகிறார். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டேன், இனிமேல் எழுதும்போது அந்த முகத்தைப் பார்த்து எழுதலாம்.

நீங்கள் அடுப்படியில் இருந்ததால் வாசலில் நடந்ததைக் கேட்கவேண்டும் என்றீர்கள். அங்கே இருந்தபோது சொல்ல முயன்றேன், ஒவ்வொரு தடவையும் அழுகை வந்து கெடுத்தது. இப்போது சொல்கிறேன்.

தெருவில் ஈ காக்கை இல்லை. ஆனால் எல்லா ஜன்னலிலும் திரை ஆடியது. காபிக்கடையில் அத்தனை பேரும் நாற்காலியை நம் வீட்டுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளிவாசல் திறந்து கிடந்தது. அண்ணன் முற்றத்தில், எலுமிச்சை மரத்தடியில், தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. நான் படிக்கு வெளியே நின்றேன்.

"பேப்பர் படிக்கிற பழக்கமில்லையா?"

இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை இது.

"படிச்சேன்."

"விருந்தாளி வரவேண்டாம்னு போட்டிருந்தேனே."

"விருந்தாளி யாரும் வரலையே. நான்தான் வந்திருக்கேன்."

அவர் என் கையைப் பார்த்தார்.

"பெயர்நாளுக்கு வர்றவ வெறுங்கையோடயா வருவ?"

"சொந்த வீட்டுக்கு யாரு இனிப்பு வாங்கிட்டு வருவா?"

எழுந்தார், தொப்பியைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். திட்டப்போகிறார் என்றே நினைத்தேன்.

"அப்ப ஏன் முன்வாசல்ல நிக்கிற? வீட்டு ஆளுங்க அடுப்படி வழியாத்தான் வருவாங்க. வா."

நான் அந்தப் படியை மிதித்தேன், அண்ணி. வலது காலா இடது காலா என்று நினைவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால், சின்ன வயதில் போவதைப்போலவே. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "போறப்ப என்கிட்டகூட சொல்லாமப் போன. அதத்தான் என்னால தாங்க முடியல."

நாலு எட்டு நடந்து, அவரே தொடர்ந்தார்.

"வர்றப்பவாவது கடலோரம் பூரா சொல்லிட்டு வந்திருக்க."

"கேட்டுச்சா?"

"எப்படிக் கேக்காம இருக்கும்? நிம்மதியா ஒரு ஆட்டம் சீட்டாட முடியல."

அப்புறம் அடுப்படிக் கதவு, மாவுக் கையோடு நீங்கள். மீதி உங்களுக்குத் தெரியும். நம் மூவருடைய சத்தத்தைக் கேட்டுக் காபிக்கடையில் யாரோ கைதட்டினார்களே, அது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆனால் எனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஏன் அந்த அறிவிப்பு? நீங்கள் ஏன் எழுதவில்லை? கேட்டபோதெல்லாம் தட்டில் இன்னொரு கரண்டி போட்டீர்களே தவிர வாய் திறக்கவில்லை.

தெயோனி

*

பெத்ரோலிமானி,
1979 ஜனவரி 9

பிரியமுள்ள தெயோனிக்கு,

புது வருஷம் உங்கள் இருவருக்கும் ஆரோக்கியம் தரட்டும். இங்கே எல்லாரும் சுகம். உன் அண்ணன் சுகத்துக்கு மேல் சுகம், தோப்பில் பாடுகிறார். குரல் சகிக்கவில்லை, ஆனாலும் பாடட்டும்.

நீ இருந்தவரை சொல்லக்கூடாது என்று தடை. இப்போது அனுமதி கிடைத்துவிட்டது.

எட்டாம் தேதி உனக்கு எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். உன் அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்தார். "இந்த வாரம் தையற்காரிக்கு வேற ஒண்ணும் எழுதாத, கல்லியோபி. வர்றதுன்னா தானா வரட்டும்" என்றார். என் கையிலிருந்த பேனா உருண்டு தரைக்குப் போய்விட்டது.

"எப்ப தெரியும்?"

"மொதல் கடுதாசியிலேயே. அவ கையப் பிடிச்சு எழுத்துச் சொல்லிக் குடுத்தவன் நான். எனக்குத் தெரியாதா அந்தக் கையெழுத்து?"

பத்து வருஷம், தெயோனி. பத்து வருஷமாகக் காபிக்கடையில் தபால்காரர் "எவ்தெர்பி, தையற்காரி" என்று கூவும்போதெல்லாம் கையை நீட்டி வாங்கி, ஒரு தடவைகூடப் பிரிக்காமல் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். நான் என் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அறிவிப்பை அவரே கலமாத்தாவுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். நான் அழுதேன், சண்டை போட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கதவத் தொறந்து வெச்சா ஊரே வரும். ஊரோட ஊரா அவளும் வந்து ஒரு கரண்டி இனிப்புத் தின்னுட்டு, பல்லாண்டு சொல்லிட்டு, பஸ் ஏறிடுவா. வழக்கத்துக்காக உள்ள விட்டேன்னு ஆயிடும். எனக்கு அது வேண்டாம். விருந்தாளி எல்லாத்தையும் நிறுத்திட்டேன். தங்கச்சியா இருந்தா வருவா."

"கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிட்டா?"

"கோவம் வந்தா அவ நேரா வருவா. உனக்குத் தெரியாது அவள."

இப்படித் தைரியமாகப் பேசியவர் அந்த ஒரு வாரமும் தூங்கவில்லை. பதினைந்தாம் தேதி விடிவதற்குள் இரண்டு தடவை முகம் மழித்துக் கன்னத்தை வெட்டிக்கொண்டார். புதுச் சட்டையைப் போட்டு, பழையதை மாற்றி, மறுபடி புதியதைப் போட்டார். நீ தெருமுனையில் தெரிந்ததும் ஓடிவந்து அடுப்படியில் என்னிடம், "வர்றா. கையில ஒண்ணுமில்ல. வெறுங்கையோட வர்றா" என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை. பிறகு முகத்தைக் கடுகடுப்பாக்கிக்கொண்டு போய் எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்தார்.

நீ கேட்ட நிக்கோலாஸின் உத்தரவு யாருடையது என்று இனி நான் சொல்லவேண்டியதில்லை.

கீழே இரண்டு வரி அவர் எழுதவேண்டுமாம். காகிதத்தைப் பிடுங்குகிறார்.

உன் அண்ணி கல்லியோபி

தெயோனிக்கு அண்ணன் லெஃப்தேரிஸ் எழுதுவது. சுகம். உன் வீட்டுக்காரரின் கால் எப்படி? அடுத்த தடவை அவரையும் கூட்டி வா, அன்றைக்கு அவர் உன்னிடம் கேட்காமல் விட்ட டிக்கெட்டைப் பற்றிப் பேசவேண்டும். இனிமேல் உறையின் மேல் தையற்காரி பேரைப் போடாதே, உன் பேரைப் பெரிதாகப் போடு. தபால்காரர் காபிக்கடையில் சத்தமாகக் கூவட்டும். யாராவது "எந்தத் தெயோனி?" என்று கேட்பார்கள். "என் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே நான் கையை நீட்டவேண்டும்.